9-வது வரிசையில் அம்மா! 27-வது வரிசையில் 6 வயது மகள்!!

பக்கத்து சீட்டுக்குத் தனிக் காசு கேட்கும் விமானங்கள். விதி என்ன சொல்கிறது?

சென்னை:-

திரிசூலத்தில் மின்சார ரெயில் நின்றதும் பெட்டிக்குள் இருக்கும் வாண்டுகள் எல்லாம் ஜன்னல் பக்கம் பாயும். எதிரே விமான நிலையம். தலைக்கு மேல் இரைச்சலோடு ஏறும் விமானத்தைப் பார்த்து, “அப்பா, நாம எப்போ அதுல போவோம்?” என்று கேட்காத பிள்ளை தாம்பரம் மார்க்கத்தில் கிடையாது.

முன்பெல்லாம் அப்பாக்கள் பேச்சை மாற்றி வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து விடுவார்கள். இப்போது அப்படி இல்லை. துணிக்கடை கணக்கர், பட்டறைத் தொழிலாளி, ஆபீஸ் குமாஸ்தா என்று பலரும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது குடும்பத்தோடு பறக்கிறார்கள். 2 மாதம் முன்பே பதிவு செய்தால் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது. மிச்சம் பிடித்த காசு, தீபாவளி போனஸ், சீட்டுப் பணம் எல்லாம் சேர்ந்து டிக்கெட் ஆகிறது.

டிக்கெட் வாங்கிய பிறகுதான் தலைவலி ஆரம்பம். விமானத்தில் ஏறுவதற்கு ஒரு காசு. ஏறிய பிறகு எந்த சீட்டில் உட்காருவது என்பதற்கு இன்னொரு காசு!

தனி ஆளுக்கு இது பெரிய விஷயம் அல்ல. எங்கே போட்டாலும் கண்ணை மூடித் தூங்கி விடலாம். கைப்பிள்ளையும் சிறு பிள்ளையுமாகப் போகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

கதறிய சிறுமி

கொளத்தூரைச் சேர்ந்த ஒரு இளம் தாய். கணவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். 6 வயதில் ஒரு பெண், 3 வயதில் ஒரு பையன். கடந்த கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு டெல்லியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டார். அண்ணனே டெல்லியில் இருந்தபடி டிக்கெட் எடுத்து, செல்போனுக்கு அனுப்பி விட்டார். சீட்டுக்குத் தனிக் காசு கட்டவில்லை. “ஏறினதும் எப்படியும் ஒண்ணாதான் உட்கார வைப்பாங்க” என்று தங்கைக்குத் தைரியமும் சொன்னார்.

முதல் விமானப் பயணம். போனில் வந்த சீட்டு எண்களை அந்தத் தாய் கவனிக்கவில்லை. விமானத்துக்குள் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. தாய்க்கு 9 ‘இ’. பையனுக்குப் பக்கத்தில் 9 ‘எப்’. பெண் குழந்தைக்கு 27 ‘பி’!

18 வரிசை தள்ளி. சுமார் 40 அடி தூரம். பிள்ளை அழுதால் கூட என்ஜின் சத்தத்தில் தாய்க்குக் கேட்காது.

9 ‘டி’யில் உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுக்காரரிடம் கெஞ்சினார். “சார், என் பொண்ணு பின்னாடி தனியா மாட்டிக்கிச்சு. நீங்க கொஞ்சம் அங்க மாறிக்கிறீங்களா?”

அவர் சங்கடப்பட்டார். “எனக்கு மூட்டு வலிம்மா. காலை நீட்டணும்னுதான் ஓர சீட்டுக்குத் தனியா காசு கட்டினேன். 27-ல நடு சீட்டு. டெல்லி வரைக்கும் காலை மடக்கிக்கிட்டு உட்கார முடியாது.”

அவர் மீதும் குற்றம் சொல்ல முடியாது. காசு கொடுத்து வாங்கிய சீட்டு. மாறியே தீர வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

பணிப்பெண் வந்தார். “எல்லாரும் ஏறட்டும் மேடம். பார்க்கிறோம்” என்றார். அதற்குள் பின்னால் இருந்து, “அம்மா... அம்மா...” என்று சத்தம். இரண்டு பக்கமும் முன்பின் தெரியாத ஆண்கள். நடுவில் பெல்ட் போட்ட 6 வயதுச் சிறுமி.

கடைசியில் அந்த இரண்டு பேருமே எழுந்தார்கள். ஒருவர் கல்லூரி மாணவர். இன்னொருவர் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. “நீங்க பிள்ளையோட இங்க வாங்கக்கா. நாங்க ரெண்டு பேரும் முன்னாடி போறோம். எங்களுக்கும் சீக்கிரம் இறங்கலாம்” என்று பையைத் தூக்கிக் கொண்டு 9-வது வரிசைக்கு வந்து விட்டார்கள். தாயும் மகனும் 27-க்குப் போனார்கள். சிறுமியின் விக்கல் அடங்க வெகு நேரம் ஆனது.

விதி செய்ய வேண்டிய வேலையை அன்று 2 இளைஞர்கள் செய்தார்கள்.

ஆமாம். அப்படி ஒரு விதி இருக்கிறது. கொளத்தூர் தாய்க்கு அது தெரியாது. டெல்லி அண்ணனுக்கும் தெரியாது.

நங்கநல்லூர் பெரியவர்

தெரிந்த ஒருவர் இருக்கிறார். நங்கநல்லூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர். மகன் மும்பையில் வேலை. ஆண்டுக்கு இரண்டு முறை மனைவியையும் 4 வயதுப் பேரனையும் கூட்டிக் கொண்டு மும்பைக்கும் சென்னைக்குமாகப் பறக்கிறார். மஞ்சள் பைக்குள் சட்டை, மாத்திரை டப்பா, முறுக்குப் பொட்டலம் இவற்றோடு ஒரு ஜெராக்ஸ் தாளும் எப்போதும் இருக்கும்.

டி.ஜி.சி.ஏ. என்று அழைக்கப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குனரகம் 2024 ஏப்ரல் மாதம் வெளியிட்ட உத்தரவு பற்றிய தாள் அது. 2024-ம் ஆண்டின் முதலாவது விமானப் போக்குவரத்துச் சுற்றறிக்கை. அதில் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்ட வரி இதுதான்:-

12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு, ஒரே பி.என்.ஆர். எண்ணில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலரில் குறைந்தது ஒருவரோடு சீட் ஒதுக்கப்படுவதை விமான நிறுவனங்கள் உறுதி செய்ய வேண்டும். அதற்கான பதிவேட்டையும் வைத்திருக்க வேண்டும்.

“முப்பத்தி ரெண்டு வருஷம் சர்க்கார் ஆபீஸ்ல குப்பை கொட்டினவன் நான். கையில தாள் இல்லாம எந்த கவுண்டருக்கும் போக மாட்டேன். தாளைக் காட்டினா தனி மரியாதை” என்று சிரிக்கிறார் பெரியவர்.

ஒரு நாள் மும்பை விமானத்துக்காகக் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் புரசைவாக்கம் துணிக்கடை கணக்கர் ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். மனைவி, 8 வயது மகள், 5 வயது மகன். கொழுந்தியாள் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போகிறார்கள். பேச்சு சீட்டுப் பக்கம் திரும்பியது.

“நாலு பேருக்கும் சேர்த்து சீட்டுக்கு மட்டும் 2 ஆயிரத்து 800 அழுதேன் சார். ஒரு சீட்டு 350. போக 1,400. வர 1,400” என்றார் கணக்கர்.

“எதுக்குத் தம்பி கட்டினீங்க?”

“கட்டலைன்னா பிள்ளைங்களைத் தனித்தனியா போட்டுடுவான்னு பயம்தான். போன்ல சீட்டுப் படம் வந்திச்சு. எல்லாக் கட்டத்துலயும் ரூபாய் போட்டிருந்தான். கட்டாம போக முடியாதுன்னு நினைச்சேன்.”

பெரியவர் மஞ்சள் பையைத் திறந்தார். தாளைப் படித்துப் பார்த்த கணக்கரின் முகம் சுருங்கியது. 2 ஆயிரத்து 800 ரூபாய்! கடையில் ஒரு ரூபாய் கணக்கு உதைத்தால் ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்து தேடுகிறவர் அவர்.

“காலி கேஸ் சிலிண்டரை மாத்தி மாத்திக் கணக்குப் பார்க்கிறோம். இந்தக் காசுல ரெண்டு பேருக்கும் ஸ்கூல் ஷூ வாங்கியிருக்கலாம்” என்று மனைவி முணுமுணுத்தார். கணக்கர் வாயைத் திறக்கவில்லை.

‘தாண்டு’ பொத்தான் எங்கே?

கணக்கர் ஏமாந்தது தனி ஆளின் கவனக்குறைவு அல்ல. டிக்கெட் எடுக்கும் திரை அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

பெயர், வயது எல்லாம் எழுதி முடித்ததும் விமானத்தின் வயிற்றைப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். பச்சை, நீலம், ஊதா என்று கலர் கலராகக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. முன் வரிசைக்குக் கூடுதல். காலை நீட்டும் இடத்துக்கு இன்னும் கூடுதல். ‘சீட் வேண்டாம், மேலே போ’ என்பதற்கான எழுத்து மட்டும் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். பல பேர் கண்ணில் அது படுவதே இல்லை.

இதே 2024 சுற்றறிக்கை, விரும்பிய சீட்டுக்குத் தனிக் கட்டணம் வாங்க நிறுவனங்களுக்கு அனுமதி கொடுக்கிறது. அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் அது பயணி விரும்பினால் மட்டுமே. கட்டாயம் கிடையாது. சீட்டே தேர்ந்தெடுக்காத பயணிக்கு, புறப்படுவதற்கு முன் கம்ப்யூட்டரே ஒரு சீட்டை ஒதுக்க வேண்டும் என்றும் அதிலேயே ஏற்பாடு இருக்கிறது. குழந்தையைப் பெற்றோரோடு உட்கார வைக்கும் வரியில், ‘காசு கட்டினால்’ என்ற நிபந்தனை இல்லை.

மளிகைக் கடையில் ஒரு கிலோ சர்க்கரை கேட்டவரின் பையில் கேட்காமலே ஒரு சோப்பையும் போட்டு பில் எழுதினால் அண்ணாச்சியைச் சும்மா விடுவார்களா? கம்ப்யூட்டர் வியாபாரத்தில் நடக்கும் இந்த மாதிரி வேலைகளை எல்லாம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியல் போட்டு, 2023 நவம்பர் மாதம் வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. கூடையில் நைசாகச் சாமானைச் சேர்ப்பது, ‘இன்னும் 2 சீட்தான் பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது உள்பட 13 வகைத் தந்திரங்கள் அதில் இடம் பெற்றுள்ளன.

கொதித்தெழுந்த காலம்

சீட்டுக் காசு விவகாரம் புதிதல்ல. 2018 நவம்பர் மாதம் பெரிய விமான நிறுவனம் ஒன்று, வீட்டில் இருந்தபடி செக்-இன் செய்தால் எல்லா சீட்டுக்கும் காசு என்று அறிவித்தது. பயணிகள் கொதித்தார்கள். விமானப் போக்குவரத்து அமைச்சகம் ஆராய்வதாகச் சொன்னது. விமான நிலைய கவுண்டருக்கு வந்தால் இலவச சீட் கிடைக்கும் என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது.

அதன் பிறகு கொரோனா வந்தது. 2020 மே மாதம் விமானங்கள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது எல்லோரும் வீட்டிலேயே செக்-இன் செய்து வர வேண்டும் என்று ஆக்கினார்கள். கவுண்டருக்குப் போய் போர்டிங் பாஸ் கேட்டால் அதற்கும் 200 ரூபாய் வரை வாங்கிய நிறுவனங்கள் உண்டு. 2022 ஜூலை மாதம்தான், கவுண்டரில் போர்டிங் பாஸ் கொடுக்கத் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது என்று அமைச்சகம் கண்டித்தது.

நடு சீட்டு ரகசியம்

காசு கட்டாத குடும்பத்தைக் கம்ப்யூட்டர் ஏன் பிய்த்துப் போடுகிறது? கணக்குப் போட்டால் புரியும்.

உள்நாட்டில் அதிகம் ஓடும் ஏர்பஸ் 320 ரக விமானத்தில் ஒரு வரிசைக்கு இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 3. முப்பது வரிசை என்றால் 180 சீட். அதில் 60 ஜன்னல். 60 ஓரம். மீதி 60 நடு சீட். தனியாகப் போகிறவர்கள் காசு கட்டி ஜன்னலையும் ஓரத்தையும் பிடித்து விடுகிறார்கள். மிச்சம் கிடப்பது வரிசைக்கு ஒன்றோ இரண்டோ நடு சீட்டுகள். கடைசியில் வரும் 3 பேர் குடும்பம், வடை நடுவில் ஓட்டை மாதிரி, அந்த நடு சீட்டுகளில் ஆளுக்கு ஒரு வரிசையாக உட்கார வேண்டியதுதான்.

அதனால்தான் விதி வேண்டியிருக்கிறது. டிக்கெட் விற்கும்போதே குழந்தையின் வயது நிறுவனத்துக்குத் தெரியும். பிறந்த தேதியைக் கேட்டு வாங்குகிறார்கள். 6 வயதுப் பிள்ளை வருகிறது என்று தெரிந்த கம்ப்யூட்டருக்கு, தாய்க்குப் பக்கத்தில் ஒரு சீட்டை முதலிலேயே ஒதுக்கி வைக்கத் தெரியாதா என்ன?

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். டிக்கெட் விலையைக் குறைத்து விற்கிறோம், சாப்பாடு, சீட், கூடுதல் மூட்டை எல்லாம் வேண்டியவர்கள் மட்டும் வாங்கிக் கொள்ளட்டும், வேண்டாதவர் தலையில் ஏன் அந்தச் செலவைக் கட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஜன்னலுக்கும் முன் வரிசைக்கும் இது பொருந்தும். பெற்ற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவதை சாண்ட்விச்சோடு சேர்க்க முடியுமா?

அரை நிமிட ஆபத்து

இது வெறும் பாசப் பிரச்சினை அல்ல. உயிர்ப் பிரச்சினையும் கூட.

விமானம் கிளம்புவதற்கு முன் பணிப்பெண்கள் கையை ஆட்டி ஆட்டி ஒரு பாடம் நடத்துவார்கள். பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். காற்றழுத்தம் குறைந்தால் மேலே இருந்து ஆக்சிஜன் முகமூடி விழும். முதலில் நீங்கள் மாட்டிக் கொண்டு, பிறகு பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு மாட்டுங்கள் என்பார்கள்.

35 ஆயிரம் அடி உயரத்தில் காற்றழுத்தம் போய் விட்டால் மனிதன் நினைவோடு செயல்பட முடிவது அரை நிமிடம் முதல் 1 நிமிடம் வரைதான். 27-வது வரிசைக் குழந்தைக்கு 9-வது வரிசைத் தாய் எப்படி மாட்டுவார்?

இன்னொன்று. ஒரு ரக விமானத்துக்கு அனுமதி கொடுக்கும் முன், பாதி வாசல்களை அடைத்து விட்டு உள்ளே இருக்கும் அத்தனை பேரும் 90 வினாடிக்குள் வெளியேற முடிகிறதா என்று பார்க்கிறார்கள். நெருப்புப் பிடித்த நேரத்தில் எல்லோரும் வாசலை நோக்கி ஓடும்போது, ஒரு தாய் மட்டும் பிள்ளையைத் தேடி எதிர்த்திசையில் வந்தால் என்ன ஆகும்? பிரிட்டன் விமானத் துறையின் வழிகாட்டுதலில் இதே காரணத்தைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தை முடிந்தவரை அதே வரிசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வரிசைக்கு மேல் தள்ளிப் போகக்கூடாது என்பது அங்கே ஆலோசனை.

2 வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குத் தனி சீட் கிடையாது. மடியில்தான். அதிலும் ஒரு விஷயம். ஏர்பஸ் 320-ல் 3 சீட்டுக்கு மேலே வழக்கமாக 4 முகமூடிதான் இருக்கும். அதனால் 3 சீட் கொண்ட ஒரு பக்கத்தில் ஒரு மடிக் குழந்தைக்குத்தான் இடம். அக்கா தங்கை இருவரும் கைக்குழந்தைகளோடு சேர்ந்து உட்காருவோம் என்று அடம்பிடித்தால் பணிப்பெண்கள் பிரிக்கத்தான் செய்வார்கள். அவசர வழி வரிசையிலும் பிள்ளைகளை விட மாட்டார்கள். இதில் கோபித்துப் பயன் இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

டொரண்டோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக் கொள்ளலாம். கனடாவுக்குப் போகும், அங்கிருந்து வரும் விமானங்களுக்கு 2019-ல் கொண்டு வந்த விதி வயது வாரியாக அளந்து வைத்திருக்கிறது. 5 வயதுக்குக் கீழே என்றால் ஒட்டிய சீட். 5 முதல் 11 வரை அதே வரிசை. இடையில் ஒரு சீட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. 12, 13 வயது என்றால் ஒரு வரிசைக்கு மேல் தள்ளக்கூடாது. இதற்குக் கூடுதல் காசும் கேட்கக்கூடாது.

அமெரிக்காவில் பேச்சு நீண்டு கொண்டே போனது. 2016-ல் பாராளுமன்றம் இது பற்றி ஆராயச் சொன்னது. 2022-ல் போக்குவரத்துத் துறை, 13 வயது வரை உள்ள பிள்ளைகளைக் காசு வாங்காமல் பெரியவர் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்று நிறுவனங்களைக் கேட்டுக் கொண்டது. எந்த நிறுவனம் உறுதி கொடுத்தது, எது கொடுக்கவில்லை என்று 2023-ல் பட்டியலே போட்டுக் காட்டினார்கள். 2024-ல் கட்டாய விதிக்கான வரைவும் வந்தது.

அயர்லாந்து நாட்டு மலிவு விமான நிறுவனம் ஒன்று 2016-ல் வேறு வழி கண்டுபிடித்தது. பிள்ளைகளின் சீட்டு இலவசம். ஆனால் கூட வரும் பெரியவர் ஒருவர் தன் சீட்டுக்குக் கட்டாயம் காசு கட்ட வேண்டும்! தீப்பெட்டி இலவசம், குச்சிக்கு மட்டும் காசு என்கிற மாதிரி.

நம் ரெயிலிலும் குடும்பத்தைப் பிரித்துப் போடுவது உண்டு. அப்பாவுக்கு எஸ்-4, பிள்ளைக்கு எஸ்-7 என்று வரும். ஆனால் சேர்த்துப் போட இவ்வளவு என்று ரெயில்வே விலைப்பட்டியல் நீட்டுவதில்லை. ஏறிய பிறகு டி.டி.ஆர். முதல் எதிர் சீட் பாட்டி வரை ஆளாளுக்குப் பஞ்சாயத்து செய்து இடம் மாற்றி விடுவார்கள். எழும்பூர் தாண்டுவதற்குள் விவகாரம் முடிந்து விடும்.

ஒரே பி.என்.ஆர்.

மீண்டும் நங்கநல்லூர் பெரியவருக்கு வருவோம். துணிக்கடை கணக்கருக்கு அவர் விளக்கமாகச் சொன்னதாவது:-

“முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும் தம்பி. ‘ஒரே பி.என்.ஆர்.’ங்கிற வார்த்தையிலதான் சூட்சுமமே இருக்கு. ரெயில் டிக்கெட்ல 10 நம்பர் இருக்குமே, அது மாதிரி விமான டிக்கெட்ல எழுத்தும் எண்ணுமா 6 இருக்கும். குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே தடவையா எடுத்தா ஒரே எண் வரும். அப்பாவுக்கு ஆபீஸ்ல எடுத்து, அம்மாவுக்கும் பிள்ளைக்கும் தனியா எடுத்தா எண் ரெண்டாயிடும். அப்புறம் அப்பா பக்கத்துல பிள்ளை வேணும்னு விதியைக் காட்டிக் கேட்க முடியாது. கம்ப்யூட்டருக்கு இவர் யாரோ, அது யாரோ.

ரெண்டாவது, ‘குறைஞ்சது ஒருத்தர்’னுதான் போட்டிருக்கு. பிள்ளை அம்மாவோட இருந்தா போதும். அப்பாவை 20 வரிசை தள்ளிப் போட்டாலும் தப்பு இல்லை. போய்ட்டு வாங்கன்னு விட்டுடணும். ரெண்டரை மணி நேரம்தானே! சில வீட்டுல அதுவே நிம்மதி.

மூணாவது, ஜன்னல் சீட்டு இதுல சேராது. பக்கத்துல இடம் கேட்கலாம். ஜன்னல்தான் வேணும்னா காசை எடுத்து வைக்கணும்.

நான் என்ன செய்யறேன்னா, டிக்கெட் எடுக்கும்போதே பேரன் வயசைச் சரியா போடுவேன். சீட்டுப் படத்தைத் தாண்டிடுவேன். செக்-இன் திறந்ததும் செஞ்சு என்ன நம்பர் விழுதுன்னு பார்ப்பேன். பிரிச்சுப் போட்டிருந்தா உடனே கம்பெனிக்குப் போன். அதுலயும் சரி ஆகலைன்னா ரெண்டு மணி நேரம் முன்னாடியே கவுண்டருக்கு வந்துடுவேன். எல்லாரும் ஏறினப்புறம் உள்ள போய்க் கேட்டா, பாவம், அந்தப் பொண்ணுங்க என்ன செய்யும்? கவுண்டர்ல கேட்டாதான் வேலை நடக்கும். சண்டை போடாம, ‘அம்மா, 12 வயசுக்குள்ள பிள்ளை, ஒரே பி.என்.ஆர்., பக்கத்துல கொடுங்க’ன்னு சொன்னா போதும். இதுவரைக்கும் மாத்திக் கொடுக்காத கவுண்டரை நான் பார்த்தது இல்லை.”

கவுண்டரிலும் முடியாது என்று கையை விரித்தால்? அமைச்சகத்தின் ‘ஏர்சேவா’ செயலியில் புகார் பதியலாம். டிக்கெட் எண், வழங்கிய சீட்டு எண்கள், குழந்தையின் வயது ஆகியவை இருந்தால் போதும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்யலாம். போர்டிங் பாசைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பது நல்லது.

கொளத்தூர் தாயின் விஷயத்தில் புகார் எதுவும் போகவில்லை. “அந்த ரெண்டு தம்பிங்களும் நல்லா இருக்கணும். யார் மேல போய் புகார் சொல்றது? ஊருக்குத் திரும்பி வர்றப்ப அண்ணன்கிட்ட சொல்லி சீட்டுக்குக் காசு கட்டிட்டேன். மறுபடியும் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாது” என்கிறார் அவர். 3 சீட்டுக்கு அவர் கட்டியது ஆயிரத்துச் சொச்சம்.

பயந்து கட்டும் காசு இப்படித்தான் சேருகிறது.

“அந்த 350 போகட்டும்!”

மும்பை விமானத்துக்கு அழைப்பு வந்தது. பெரியவர் மனைவியின் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக் கொண்டார். கையில் 3 போர்டிங் பாஸ். மூன்றும் 22-வது வரிசை. சீட்டுக்கென்று கட்டிய தொகை பூஜ்யம்.

கணக்கர் அந்த ஜெராக்ஸ் தாளை செல்போனில் படம் பிடித்துக் கொண்டார். “திரும்பி வர்றதுக்குக் கட்டின 1,400-ஐயாவது வாங்க முடியுமா சார்?” என்று கேட்டார்.

“சீட்டுக்குக் கட்டினதைப் பெரும்பாலும் திருப்பித் தர மாட்டாங்க தம்பி. கேட்டுப் பாருங்க. கேட்கிறதுக்குக் காசு இல்லையே!”

வரிசை நகர்ந்தது. 8 வயது மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, எனக்கு ஜன்னல் சீட்டுதானே?”

கணக்கர் போர்டிங் பாசைப் பார்த்தார். 12 ‘ஏ’. ஜன்னல்தான்.

“ஆமாம்மா.”

சிறுமி தம்பியைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். கணக்கர் மனைவியின் பக்கம் திரும்பி, “அந்த 350 மட்டும் போகட்டும் விடு. மீதி 2 ஆயிரத்து 450-க்குத்தான் எனக்கு வயிறு எரியுது” என்றார்.